அத்தியாயம் 7: அம்பாசிடரின் பழைய இன்ஜினிலேயே புல்லிங்கைக் கூட்டுவது

"புல்லிங்கே இல்லை சார். இந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு டீசலை இறக்கிடலாம்." பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் அபூர்வம். கேட்டு, தலையாட்டி, இரண்டு வருடம் கழித்து வருந்தியவர்கள் பலரை எனக்குத் தெரியும். தலையாட்டுவதற்கு முன்னால் இந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் உருவாக்கிய 'பி சீரிஸ்' குடும்பத்தில் பிறந்தது. சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. உத்தர்பாராவில் இருந்து வந்த நம் வண்டியில் இது ஐம்பது, ஐம்பத்தைந்து குதிரைத்திறன் கொடுத்தது. இதே 1489 சிசி இன்ஜின்தான் 1955இல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் வெளிவந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அங்கே முதலில் 68, பிறகு 72 குதிரைத்திறன். இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், 8.3 கம்ப்ரஷன், காற்று தாராளமாகப் போய்வர வழி. பெரும்பாலும் இவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே இன்ஜின் சோப்ளாங்கி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல வருடம் கவனிப்பில்லாமல் ஓடியதால் அதன் பலம் எங்கெங்கோ ஒழுகிப்போயிருக்கிறது. ஒழுகியதை மீட்பதுதான் முதல் வேலை. கூட்டுவதைப் பிறகு பார்க்கலாம்.

பழைய இன்ஜினை வைத்துக்கொள்ளச் சட்டத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியை 'விஏ' வரிசை எண்ணில் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டீசலை இறக்கிய வண்டிக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். போதாததற்கு, ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் மாற்றத்தைப் பதிய ஆர்டிஓ அலுவலகப் படிகளும் ஏற வேண்டியிருக்கும்.

ஸ்பானரை எடுக்கும் முன்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வண்டியில் எதையும் தொடுவதற்கு முன்னால், அதிகாலையில் போக்குவரத்து இல்லாத ஒரு சமதளச் சாலைக்குப் போங்கள். டாப் கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டி, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து, 70ஐத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். அதே தூரத்தைத் திரும்பி வந்தும் செய்யுங்கள். காற்றும் ஏற்ற இறக்கமும் சமனாகிவிடும். இரண்டின் சராசரியை எழுதி வையுங்கள். இனி செய்யும் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இதே சாலை, இதே நேரம், இதே டயர் காற்று. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். பிளக், பாயிண்ட், ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

அடுத்தது இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாத வேலை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை நிறுத்தி, நான்கு டிரம்மையும் ஒவ்வொன்றாகப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக்கை இழுத்துக்கொண்டு ஓடும் வண்டிக்கு எந்த இன்ஜினை வைத்தாலும் புல்லிங் இருக்காது. வீல் பேரிங், டயர் காற்று, வீல் அலைன்மென்ட் எல்லாவற்றையும் இதே சூட்டோடு பாருங்கள். பழைய ஷூவின் தூசியை மட்டும் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிரேக் சரியாக நிற்காத வண்டிக்கு வேகம் கூட்டவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பிறகு, உள்ளே ஒருவரை உட்காரவைத்து ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் தகடு முழுக்கத் திறந்து, காற்று போகும் திசைக்கு நேராக நிற்க வேண்டும். என் வண்டியில் அது முக்கால்வாசிதான் திறந்தது. அதைக் கண்டுபிடிக்கும் முன் ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை செய்து, கார்புரேட்டர் கிட் மாற்றி, நல்ல தொகை செலவாகியிருந்தது. பெடலுக்கு அடியில் கனமான ரப்பர் பாய் மடங்கிக் கிடந்தது. லிங்கேஜின் மூட்டுகளும் தேய்ந்திருந்தன. பாயை வெட்டி, இரண்டு மூட்டை மாற்றிய அன்று மாலை, அந்த வண்டியை நான் வாங்கிய நாளிலிருந்து கேட்காத ஒரு சத்தத்தைக் கேட்டேன். முழுதாக மூச்சிழுக்கும் இன்ஜினின் சத்தம் அது.

நான்கு சிலிண்டரின் கணக்கு

கம்ப்ரஷன் கேஜ் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். விலை பெரிதில்லை. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலின் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரே எண்ணிக்கையில் சுழற்றி அளவெடுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எடுத்தால் காற்றே உள்ளே போகாது, அளவும் பொய்யாகும். 7.2 போன்ற குறைந்த கம்ப்ரஷன் உள்ள இந்த இன்ஜினில் 120 பிஎஸ்ஐக்கு அக்கம்பக்கத்தில் வந்தால் திருப்திப்படலாம். அளவைவிட முக்கியம், நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருப்பது.

ஒன்று குறைந்தால், அந்த பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் தற்காலிகமாக இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். ரிங் போன இன்ஜினுக்கு டியூனிங் செய்வது, ஓட்டைக் குடத்துக்கு வெளியே பாலிஷ் போடுவது மாதிரி.

டேப்பெட்

இந்த இன்ஜினில் எட்டு வால்வு. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட், மறுபடி எக்ஸாஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸாஸ்ட். செட் பண்ணுவதற்கு ஒன்பது கணக்கு என்று ஒரு சுலபமான வழி உண்டு. எட்டாம் வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது ஒன்றாம் வால்வைச் செட் பண்ண வேண்டும். ஆறு அழுந்தியிருந்தால் மூன்று, நான்கு அழுந்தியிருந்தால் ஐந்து, ஏழு அழுந்தியிருந்தால் இரண்டு. எப்போதும் இரண்டையும் கூட்டினால் ஒன்பது வரும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையாலேயே சுழற்றலாம்.

இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதன்படி நடக்கவும். ஒரு விஷயத்தை இங்கே கிட்டத்தில் பார்க்க வேண்டும். நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய ராக்கரின் முனை, வால்வுத் தண்டு தட்டும் இடத்தில் குழிந்திருக்கும். ஃபீலர் கேஜ் தட்டையான தகடு. அது அந்தக் குழிக்குள் இறங்காமல் இரு கரையிலும் பாலம் மாதிரி நிற்கும். நீங்கள் 0.015 என்று நினைத்து வைத்த இடைவெளி உண்மையில் அதைவிடக் கூடுதல். வால்வு தாமதமாகத் திறந்து, சீக்கிரம் மூடி, மூச்சு குறையும். டேப்பெட் சரியாக வைத்தும் கடகடவென்று சத்தம் வருகிறது என்றால் ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி முனைகளை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் இடறினால் முனையைச் சாணை பிடித்துச் சமப்படுத்த வேண்டும், இல்லையென்றால் ராக்கரையே மாற்ற வேண்டும். ஷாஃப்டின் அடிப்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளியை மட்டும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுங்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். ஈயம் பழைய இரும்பு ஹெட்டின் வால்வு சீட்டுக்கு ஒரு மெத்தை மாதிரி இருந்தது. அது போன பிறகு, நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும் வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். அப்படிப் புதைந்தால் டேப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். மூன்று சர்வீஸில் தொடர்ந்து குறைந்தால், அடுத்த முறை ஹெட் இறங்கும்போது கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் சீட் போட்டுவிடுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டிக்கு அவசரமில்லை.

டெல்கோ

டிஸ்ட்ரிபியூட்டரை நம் பட்டறைகளில் டெல்கோ என்பார்கள். அம்பாசிடரில் இருப்பது லூகாஸ் வகை. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலை இருப்பதால் பல வருடம் நமக்கு இதன் பாகங்கள் எளிதாகக் கிடைத்தன. புல்லிங் இல்லாத அம்பாசிடரை யாராவது என்னிடம் கொண்டுவந்தால் நான் முதலில் திறப்பது இதைத்தான்.

மூடியைக் கழற்றுங்கள். ரோட்டரை விரலால் பிடித்து, அது சுற்றும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். சில டிகிரி திரும்பும். விட்டவுடன் 'டக்'கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். திரும்பவே இல்லை, அல்லது திரும்பி அங்கேயே நின்றுவிட்டது என்றால், உள்ளே இருக்கும் எடைகள் துருப்பிடித்தோ உலர்ந்த கிரீஸில் ஒட்டியோ கிடக்கின்றன. இன்ஜின் வேகமெடுக்கும்போது பொறியைச் சற்று முன்கூட்டியே விடவைப்பது இந்த எடைகளின் வேலை. அவை அசையாவிட்டால் ஐட்லிங் அழகாக இருக்கும், ஊருக்குள் ஓட்ட ஒன்றும் தெரியாது, அறுபதைத் தாண்டும்போது மட்டும் யாரோ பின்னாலிருந்து கயிறு போட்டு இழுப்பது போல இருக்கும். பாயிண்ட் மாற்றுகிறோம், கண்டென்சர் மாற்றுகிறோம், ஆனால் பாயிண்ட் பலகைக்கு அடியில் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. டெல்கோவைக் கழற்றி, எடைகளையும் ஸ்பிரிங்குகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, துளி ஆயில் விட்டுச் சேர்த்தால் இரண்டு மணி நேர வேலை. செலவில்லாமல் கிடைக்கும் புல்லிங்கில் இதற்கு நிகராக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

வேக்குவம் டயாஃப்ரத்தையும் சோதியுங்கள். கார்புரேட்டர் பக்கத்திலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் பலகை நகர வேண்டும். நாக்கால் முனையை அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நகரவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது முழு வேகத்தைக் கெடுக்காது, பெட்ரோலைத் தின்னும்.

பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். டெல்கோ ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கும்போது ஆடினால், நீங்கள் வைக்கும் இடைவெளிக்கு அர்த்தமில்லை, புஷ் மாற்றியாக வேண்டும். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். மூடிக்குள் மறைந்துவிடுவதால் தோற்றமும் மாறாது. ஆனால் அது பலத்தைக் கூட்டாது, சீராக வைத்திருக்கும், அவ்வளவே. வாங்கும் முன் உங்கள் வண்டியில் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. மாற்றிக் கொடுத்தால் ஒரே விநாடியில் கருகிவிடும். மாற்றி எடுத்த பாயிண்டையும் கண்டென்சரையும் டிக்கியில் போட்டு வையுங்கள்.

டைமிங்கைப் புத்தகத்தில் உள்ள டிகிரியில் தொடங்குங்கள். பிறகு சாலையில் முடியுங்கள். சூடான இன்ஜினோடு, ஒரு சிறிய ஏற்றத்தில், டாப் கியரில் நாற்பதில் போகும்போது முழுதாக மிதித்தால், சில்லறையைக் குலுக்குவது போல மெல்லிய கிணுகிணு சத்தம் ஒரு கணம் வந்து மறைய வேண்டும். சத்தம் வரவே இல்லை என்றால் டைமிங்கை ஒரு பொடி முன்னே கொண்டுபோகலாம். தொடர்ந்து தட்டினால் பின்னே எடுங்கள். லூகாஸ் டெல்கோவில் இதற்காகவே ஒரு சிறு திருகு, ஏ, ஆர் என்ற எழுத்துகளோடு இருக்கும். ஏ பக்கம் முன்னே, ஆர் பக்கம் பின்னே. இந்த இன்ஜின் பிறந்த காலத்துப் பெட்ரோலைவிட இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் கூடுதல். அதனால் புத்தகத்து அளவைவிட ஓரிரு டிகிரி முன்னே வைக்கப் பெரும்பாலும் இடமிருக்கும். பிஸ்டன் ஓட்டையாவது இந்தத் தட்டலை அலட்சியம் செய்வதால்தான். காது கொடுத்துக் கேளுங்கள், ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பெட்ரோலும் காற்றும்

டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துளை அடைபட்டால், வண்டி பத்து கிலோமீட்டர் நன்றாக ஓடி, பிறகு இழுக்காது. நிறுத்தி மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். கார்புரேட்டரைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். பம்பின் டயாஃப்ரம், வடிகட்டி, ரப்பர் குழாய் எல்லாம் அடுத்து.

எஸ்யூ கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அதற்கு ஒரே ஜெட், ஒரே ஊசி. மேலே உள்ள மணிக்குள் பிஸ்டன் ஒன்று, இன்ஜின் இழுக்கும் காற்றுக்கேற்ப ஏறி இறங்கும். ஏறும்போது ஊசியும் ஏறி, ஜெட்டின் வாய் அகலமாகும். பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் தடையில்லாமல் விழுந்து, அடியில் 'க்ளிக்' என்று உலோகச் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், எமரி தாள் மட்டும் வேண்டாம். மேலே டேம்பரில் மெல்லிய ஆயில் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால், ஆக்சிலேட்டரைத் திடீரென மிதிக்கும்போது வண்டி ஒரு முறை விக்கிவிட்டுத்தான் கிளம்பும்.

மிக்சரைச் சரிபார்க்க, ஐட்லிங்கில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடி, பழைய வேகத்துக்கே வந்தால் சரி. ஜெட்டுக்கு அடியில் உள்ள ஆறு முகமுள்ள நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு முறைக்கு ஒரு முகம், அதற்கு மேல் வேண்டாம்.

சோலெக்ஸ் கார்புரேட்டரில் அளவுகள் ஜெட்டிலேயே முடிவாகியிருக்கும். ஜெட்டின் மேல் பொறித்த எண் துளையின் அளவைக் குறிக்கும். அடைப்பு எடுக்கிறேன் என்று அந்தத் துளைக்குள் கம்பி விடுகிறவர்கள் ஏராளம். பித்தளை மென்மையானது, பத்து முறை கம்பி விட்டால் எண் ஒன்று சொல்லும், துளை வேறொன்றாக இருக்கும். காற்றடித்தே எடுங்கள். இரண்டு வகைக்கும் பொதுவான நோய், த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து அதன் ஓரமாகக் காற்று புகுவது. ஐட்லிங்கில் ஷாஃப்டின் ஓரத்தில் துளி ஆயில் விட்டுப் பாருங்கள். வேகம் மாறினால் அங்கேதான் கசிவு. புஷ் அடித்தால்தான் தீரும், எத்தனை கிட் போட்டாலும் தீராது.

இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவில் மிக்சர் லீனாகிவிடும். லீனான இன்ஜின் சூடேறும், விக்கும், புல்லிங் போகும். எஸ்யூ என்றால் நட்டை ஒன்றிரண்டு முகம் இறக்கினால் ஐட்லிங் சரியாகும், முழு வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் விடும் ஊசி தேவைப்படலாம். சோலெக்ஸ் என்றால் மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டிப் பாருங்கள். எத்தனாலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு, அது எளிதில் தட்டாது. மேலே சொன்ன டைமிங் வேலைக்கு அது கைகொடுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் நிறுத்தும் முன் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுவது நல்லது.

சித்திரை வெயிலில் மலை ஏறும்போது பம்பின் மேல் ஈரத்துணி சுற்றும் பழைய டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைக்காமல் இருக்க அது நல்ல கைவைத்தியம். நிரந்தர வழி, குழாயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி ஓடவிட்டு, வெப்பம் தாங்கும் உறை போடுவது. சூடு என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எறியாதீர்கள். இன்ஜின் 80 டிகிரியை ஒட்டி ஓடினால்தான் பெட்ரோல் நன்றாக எரியும், ஆயிலும் கெடாது. சூடேறுவதற்குக் காரணம் ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் படிந்த உப்பு. அதை எடுங்கள்.

ஹெட் இறங்கும்போது

கம்ப்ரஷன் கேஜ் சொல்லி ஹெட்டை இறக்க வேண்டி வந்தால், அந்த ஒரு வாய்ப்பில் நிறையச் செய்யலாம். கரியைச் சுரண்டி, வால்வு லேப்பிங் செய்த பிறகு, ஹெட்டைத் தலைகீழாக வைத்து, பிளக் துளைகளை அடைத்து, சேம்பரில் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். கால் மணி நேரத்தில் போர்ட் பக்கம் ஈரம் தெரிந்தால் அந்த வால்வு இன்னும் உட்காரவில்லை.

அடுத்து, மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை ஹெட்டின் மேல் வைத்து, துளைகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இந்த இன்ஜினில் 1, 2 சிலிண்டருக்கு ஒரே இன்லெட் போர்ட், 3, 4க்கு ஒரே போர்ட். நடு எக்ஸாஸ்ட் போர்ட்டும் 2, 3க்குப் பொது. ஏற்கனவே நெருக்கடியான வீடு, அதில் வாசலில் படி வேறு நீட்டிக்கொண்டிருந்தால் காற்று இடறும். நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவது யாரும் செய்யக்கூடிய வேலை. போர்ட்டை உள்ளே பெரிதாக்குவது வேறு கதை. சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது. இன்லெட்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்வதிலும் பயனில்லை.

கம்ப்ரஷன் கூட்ட ஹெட்டைச் சீவிவிடலாம் என்று லேத்காரர் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சிசி. 7.2 கம்ப்ரஷன் என்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 60 சிசி. 8.3 வேண்டுமென்றால் அது 51 ஆக வேண்டும், அதாவது 9 சிசி குறைய வேண்டும். சேம்பர் வாயின் பரப்பு 30 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1 மி.மீ. சீவினால் போவது 3 சிசி. கம்ப்ரஷன் 7.5ஐத்தான் தொடும். 9 சிசிக்கு 3 மி.மீ. சீவ வேண்டும், எந்த ஹெட்டும் அதைத் தாங்காது. ஆகவே வளைவை நேராக்கும் அளவுக்கு மட்டும் சீவுங்கள். கம்ப்ரஷனைக் கூட்டச் சரியான நேரம் போர் அடிக்கும் நேரம். பழைய பிஸ்டனின் தலை குழிவாக இருந்தால், தட்டைத் தலை பிஸ்டன் தேடிப் போடுங்கள். சேம்பரை சிரிஞ்சால் அளந்து கணக்குப் பார்த்த பிறகு வாங்குங்கள். 7.2இலிருந்து 8.3க்குப் போனால் ஏட்டுக் கணக்கில் நான்கு, ஐந்து சதவீதம் கூடுதல் பலம் கிடைக்கும். 40 ஓவர்சைஸ் போர் அடித்தால் கொள்ளளவு 1530 சிசி ஆகும். அது தேய்மானத்துக்காக மட்டும் செய்ய வேண்டியது, பலத்துக்காகச் செய்யாதீர்கள்.

மிச்சமிருப்பது சைலென்சர். உள்ளே துருவும் கரியும் அடைத்த சைலென்சர் இன்ஜினின் மூக்கைப் பிடித்து நிற்கும். புதிதாகப் போடும்போது குழாயை ஒரு சுற்று அகலமாக, வளைவுகள் நசுங்காமல் போடச் சொல்லுங்கள். இரட்டை எஸ்யூ கிடைத்தால் போடலாமா? கிடைத்து, இரண்டையும் சமமாக வைக்கத் தெரிந்த ஆள் உள்ளூரில் இருந்தால் போடுங்கள். ஆள் இல்லாவிட்டால் நன்றாக வைத்த ஒரு கார்புரேட்டரே மேல்.

கிராங்கை மூன்று மெயின் பேரிங்தான் தாங்குகிறது என்பதை எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகும் மறக்காதீர்கள். 5000 ஆர்பிஎம்முக்கு மேல் இந்த இன்ஜினை விரட்டக்கூடாது. இதன் பலம் இரண்டாயிரம், மூவாயிரத்தில் இருக்கிறது.

சோதனை ஓட்டம்

நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிய விநாடிகளோடு கடைசிப் பக்கத்தை ஒப்பிட்டுவிட்டு, ஒரு மலை ஏறுங்கள். நான் ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போவேன், நாற்பது கொண்டை ஊசி வளைவு. வளைவு முடிந்து வெளியே வரும்போது இரண்டாம் கியரில் தயங்காமல் எடுக்கிறதா, மூன்றாம் கியர் எந்தெந்த வளைவுக்கு இடையில் நிலைக்கிறது, தண்ணீர் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, பிறகு மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வந்தால் வால்வு கைடைக் கவனிக்க வேண்டும். உச்சியில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். வெளிறிய காப்பித்தூள் நிறம் என்றால் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் இன்னும் லீன். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், அந்தச் சிலிண்டரின் எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

ஹெட் இறக்கி ஏற்றிய வண்டி என்றால், 500 கி.மீ. ஓடியதும், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசை தப்பாமல் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். இறுக்கியதும் ஹெட் ஒரு மயிரிழை கீழே உட்காரும், டேப்பெட் இடைவெளி மாறியிருக்கும். அன்றைக்கே ஒன்பது கணக்குப்படி எட்டையும் ஒரு முறை பார்த்துவிட்டு வால்வு மூடியை மூடுங்கள்.